காசளவு மூச்சு

விடிந்ததும் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஜன்னலைத் துடைப்பதுதான் மாபுலானேயின் முதல் வேலை. கண்ணாடியின் உள்பக்கம் முழுவதும் நீர் கோத்து நிற்கும். துணியை வைத்ததுமே மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை ஓடும். சட்டத்தின் அடியில் தேங்கியதை ஒற்றி எடுத்து, வாளியில் பிழிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதற்குள் மேல் கண்ணாடி மறுபடி வியர்க்க ஆரம்பித்திருக்கும். பிள்ளை பெற்ற உடம்பு, எத்தனை தடவைதான் துடைப்பாள்? வெளியே மோகோட்லாங் மலைகளில் வைக்கோல் நிறத்தில் புல் காய்ந்து கிடந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிவிட்டது. ஊரின் ஈரமெல்லாம் அவள் வீட்டுக்குள்ளேதான் இருந்தது.

"புலா!" என்று வாழ்த்துவாள், கதவோரம் பாயில் உட்கார்ந்திருக்கும் நாத்தனார். அந்த ஊரில் மழைக்கும் அதுதான் சொல், வாழ்த்துக்கும் அதுதான். "பொட்டப்புள்ள பொறந்த வீட்ல தண்ணி தானா வழியுது. அதைப் போயித் துடைக்கிறாளே ஒருத்தி! அதிர்ஷ்டத்தை யாராவது வாளியில பிழிவாங்களாடி?"

"உங்க அதிர்ஷ்டம் செவுத்துல கறுப்பாப் பூத்திருக்கு மதினி. கட்டிலுக்குப் பின்னால எட்டிப் பாருங்க."

"புது வீடுன்னா நாலு புள்ளி விழத்தான் செய்யும். திருஷ்டிப் பொட்டுன்னு நெனச்சுக்கோ."

வாயாடி நாத்தனாரிடம் பேசி ஜெயித்தவர் யாருமில்லை. மாபுலானே துணியை மறுபடி எடுத்தாள்.

இந்தப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கல்யாணமாகி வந்த அன்றே மருமகளுக்குப் புகுந்த வீட்டில் பெயர் வைத்துவிடுவார்கள், இன்னாரின் அம்மா என்று. அந்த இன்னார் பிறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் இல்லை. புலானேயின் அம்மா என்று இவளுக்குப் பெயர் வைத்து, புலானே வராமலே வருஷங்கள் போயின. தண்ணீர் எடுக்கப் போனால் மாபுலானே, கடைக்குப் போனால் மாபுலானே. கூப்பிடுகிற ஒவ்வொருவரும் இல்லாத பிள்ளையைக் கேட்பது போலிருக்கும். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன பிறகுதான் புலானே வந்து சேர்ந்தாள், நடுங்கும் குளிர்காலத்தில்.

நாத்தனாரின் பெயர் மாலினேயோ. லினேயோவின் அம்மா. லினேயோ என்று யாரும் இப்போது இல்லை. பிறந்து இரண்டு மாதம் கூட ஆகாமல் போய்விட்டாள். புருஷனும் சுரங்கத்துக்குப் போன இடத்தில் போய்ச் சேர்ந்தான். பெயர் மட்டும் நின்றுவிட்டது. அவளைக் கூப்பிடுகிறவர்கள் செத்த பிள்ளையையும் சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டும். மாபுலானேக்கு வீடு இருந்தது, தாய் இல்லை. அதனால் மாலினேயோ தன் ஆடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, கம்பளியைத் தோளில் ஊக்கால் குத்திக்கொண்டு வந்து இறங்கினாள். பிள்ளை பிறந்ததும் முதல் வேலையாக வாசல் மேல் நாணல் தட்டையைச் செருகினாள். நாணல் இருக்கிற வீட்டுக்குள் வேற்றாள் வரக்கூடாது. பெற்றவளும் பிள்ளையும் வெளியே போகக்கூடாது. நாணலை எடுக்கும்வரை தகப்பனும் உள்ளே வரக்கூடாது.

தகப்பன் சியாபாத்தா வேன் ஓட்டுகிறவன். டவுனுக்கும் மலைக் கிராமங்களுக்கும் ஆள் ஏற்றி இறக்கிப் பிழைப்பு. "ஊரெல்லாம் சுத்துற காலு. சூடான காலு. அது பட்டா பச்சப்புள்ள தாங்காது," என்று அக்காக்காரி தீர்ப்புச் சொன்னாள். பிள்ளை பிறந்த அன்று, பெண் என்பதைத் தெரிவிக்கும் முறைப்படி, ஒரு குடம் பச்சைத் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தவளும் அவள்தான். உறைபனியில் பல் கிடுகிடுக்க, சிரித்துக்கொண்டே முற்றத்தைச் சுற்றி ஓடினான். ஆண் பிள்ளை என்றால் தடியடி கிடைத்திருக்கும். அன்றிலிருந்து அதே முற்றத்தில் இருந்த பழைய வட்டக் குடிசையில் அவன் படுக்கை. சிமெண்டுக் கல்லும் தகரக் கூரையும் இரும்புச் சட்ட ஜன்னலுமாக, அவன் வயிற்றைக் கட்டிக் கட்டிய புது வீட்டுக்குள் அவன் மட்டும் நுழைய முடியாது.

ஆனால் ஜன்னல் இருந்தது. கடைசி நடையை முடித்துவிட்டு, இருட்டுவதற்கு முன் வந்து கண்ணாடியைத் தட்டுவான். மாபுலானே சட்டைக் கையால் ஒரு வட்டம் துடைத்து, பிள்ளையின் முகத்தை அதற்கு நேரே பிடிப்பாள். துடைத்த கண்ணாடியில் பிள்ளையின் மூச்சு பட்டு, ஒரு காசளவுக்கு வெள்ளையாகப் படியும். மறையும். மறுபடி படியும். சியாபாத்தா வெளியிலிருந்து அந்தக் காசின் மேல் விரலை வைப்பான். பிறகு வட்டமே மங்கிவிடும், அவன் தொப்பியும் பல்வரிசையும் கரைந்துபோகும். பெற்ற மகளை அவன் அறிந்தது அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அவள் நாள் முழுக்கத் துணியும் கையுமாக நின்றாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

பிள்ளை இரும ஆரம்பித்தது. கோழிக்குஞ்சு தும்முவது போலச் சின்ன இருமல். மாபுலானேக்குக் காலையில் எழுந்தால் தலை பாறாங்கல்லாகக் கனத்தது. அறையில் மண்ணெண்ணெய் அடுப்பு அணையாமல் எரிந்தது, அதன் மேல் தண்ணீர் கொதித்தது, குறுக்கே கட்டிய கயிற்றில் பிள்ளைத்துணி காய்ந்தது. மூன்று பேர் விட்ட மூச்சையே மூன்று பேரும் திரும்ப இழுத்தார்கள். கல்யாணத்துக்கு முன் அவள் தலைநகரத்தில் ஒரு துணிக் கம்பெனியில் இஸ்திரிப் பிரிவில் இருந்தவள். குளிருக்குப் பயந்து மேஸ்திரி காற்றாடியை நிறுத்தி ஜன்னல்களைச் சாத்திய நாட்களில் பெண்கள் நின்ற இடத்திலேயே சரிந்து விழுவதைப் பார்த்திருக்கிறாள். கண்ணாடி இப்படி அழுதால் அறைக்குள் நல்ல காற்று இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"மதினி, ஜன்னலை ஒரு விரக்கடை தெறந்து வைப்போம். மத்தியானம் வெயில் அடிக்கிறப்ப மட்டும். புள்ள மேல கம்பளியப் போட்டு மூடிக்கிறேன்."

"என் சவத்தத் தாண்டித் தெற."

"தலை வலிக்குது மதினி. உங்களுக்கு வலிக்கலையா?"

"எனக்குத் தலை வலிக்காத நாளு எது? நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாது. கேளு." மாலினேயோ புளித்த சோளக்கூழைக் கலக்கிக்கொண்டே சொன்னாள். நூறு தடவை சொன்ன கதைதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் குரல் இறங்கிவிடும். "எங்க வீட்டு ஜன்னல்ல கண்ணாடி கெடையாது. சாக்குதான் கட்டியிருந்தேன். அந்தச் சாக்குல ஓரமா ஒரு கிழிசல். அன்னைக்குப் பாத்துப் பேய்க்காத்து. கணப்புச் சட்டி நெறையக் கங்கு போட்டு வச்சிருந்தேன், விடிய விடிய கனிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. அப்படியும் அந்த ஓட்டை வழியா வந்து எம்புள்ளையக் கொண்டுபோயிருச்சே காத்து! காலையில தொட்டா சில்லுன்னு கெடக்கு." கூழை நீட்டினாள். "குடி. ஆறிப்போகும்."

மாபுலானே குடித்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் என்ன வாதாட? கோபம் வந்தது, அதற்குள் பரிதாபம் வந்தது, கடைசியில் இரண்டுக்கும் தெம்பில்லாமல் படுத்துவிட்டாள்.

புருஷனிடம் சொல்லலாம் என்றால் நடுவில் கண்ணாடி, கத்திச் சொன்னால் நாத்தனார் காதில் விழும். செல்போன் அந்த மலைக்கு வராத வருஷம் அது. கதவைத் திறந்து பேசவும் நாத்தனார் விடமாட்டாள், அவளிடம் சொல்லி அனுப்பவும் முடியாது. அன்று சாயங்காலம் அவன் தட்டியதும், மாபுலானே வட்டம் துடைத்து, ஜன்னல் சட்டத்தைக் காட்டினாள். கையை வெளிப்பக்கமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். மார்பில் கை வைத்து, வாயைத் திறந்து மூச்சிழுத்துக் காட்டினாள். பிள்ளையைக் காட்டி இருமினாள்.

சியாபாத்தா கவனமாகப் பார்த்தான். பலமாகத் தலையாட்டினான். புரிந்துவிட்டது என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினான்.

மறுநாள் வண்டியைக் கூட எடுக்கவில்லை, பாவம். ஒரு டப்பா லப்பமும் கரண்டியுமாக வந்து, ஜன்னல் சட்டத்தின் நாலு பக்கமும், கைப்பிடி இடுக்கு உட்பட, வெளியிலிருந்து அழுத்தி அழுத்திப் பூசினான். ஈ நுழைய இடமில்லாமல் பூசி முடித்துவிட்டு, வட்டத்தில் முகத்தை வைத்து இளித்தான். வாசலில் இரண்டு திரி வைத்த பெரிய மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றையும் வாங்கி வைத்துவிட்டுப் போனான்.

"என் தம்பி மாதிரி ஒருத்தன் உண்டா? வாயத் தொறக்காமயே புரிஞ்சுக்கிட்டான் பாரு," என்றாள் அக்காக்காரி.

மாபுலானே சிரித்துவிட்டாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். ஜன்னல் அதற்கு முன்பே அழுதுகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பனி கொட்டியது. காலையில் தொடங்கி, மத்தியானத்துக்குள் முற்றத்தில் முழங்கால் உயரம். மலைப்பாதை அடைபட்டது, வேன் நின்ற இடத்திலேயே வெள்ளைக் குவியலாகிவிட்டது. மாலினேயோ புது அடுப்பின் இரண்டு திரியையும் ஏற்றினாள். கதவடி இடுக்கில் பழைய கம்பளியைத் திணித்து, அதற்கு மேல் தானே முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். "இப்ப வரட்டும் காத்து," என்றாள்.

அறை சூடாகத்தான் இருந்தது. கண்ணாடியில் நீர் கோடு கோடாக இறங்கிச் சட்டத்தைத் தாண்டிச் சுவரில் வழிந்தது. மாபுலானே துடைக்கவில்லை. துணியை எடுக்கக் கை வரவில்லை. போகட்டும், இன்றைக்கு ஒரு நாள் வழியட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாளோ, கண் விழித்தபோது திரியின் சுடர் நீலம் போய் மஞ்சளாக, சுருண்டு, புகைந்துகொண்டிருந்தது. பிள்ளை பாலுக்கு அழும் நேரம் தாண்டியும் அழவில்லை.

தூக்கினாள். தலை துணி போலத் தொங்கியது.

"மதினி!"

மாலினேயோ கதவில் சாய்ந்தபடி வாயைத் திறந்து தூங்கினாள். மாபுலானே ஊர்ந்துபோய் அடுப்பை அணைத்தாள். நாத்தனாரை உலுக்கினாள். "ம்... ம்..." என்று முனகி இன்னும் கனமாகச் சரிந்தாள். கதவோ உள்பக்கம் திறக்கிற கதவு. அந்த உடம்பை நகர்த்த இவள் உடம்பில் சத்தில்லை. எழுந்து ஜன்னல் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினாள். லப்பம் கல்லாக இறுகியிருந்தது. அன்பாகப் பூசிய லப்பம்.

அப்போதுதான் தட்டும் சத்தம். வண்டி ஓடாத நாள், வேறு வேலையில்லை, மகளைப் பார்க்கச் சீக்கிரமே வந்துவிட்டான்.

அவள் சைகை எதுவும் செய்யவில்லை. செய்யத் தெம்பில்லை. வட்டம் துடைத்தாள், பிள்ளையின் முகத்தை வழக்கம்போல் கண்ணாடிக்கு நேரே பிடித்தாள். வெளியே அவன் விரலை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். காசு படியவில்லை. அவனுடைய சிரிப்பு அப்படியே நின்றது. தூசி மாதிரி ஏதோ ஒன்று கண்ணாடியில் தோன்றியது, போய்விட்டது. அடுத்தது வரவில்லை.

சியாபாத்தா கையை வீசி விலகச் சொன்னான். அவர்களுக்குள் சரியாகப் புரிந்த சைகை அது ஒன்றுதான். அவள் பிள்ளையை மார்போடு அணைத்துத் திரும்பிக் குனிந்தாள். அவன் கம்பளியைக் கையில் சுற்றிக்கொண்டு மேல் கண்ணாடியில் ஓங்கிக் குத்தினான். ஒரு தடவை, இன்னொரு தடவை. கண்ணாடி உடைந்து வாளிக்குள்ளும் கட்டிலிலும் கொட்டியது. பனிக்காற்று ஊளையிட்டுக்கொண்டு உள்ளே பாய்ந்தது. மாலினேயோ ஆயுசெல்லாம் பயந்த அதே காற்று.

மாபுலானே பிள்ளையை அதற்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். முகத்தில் பனித்துகள் விழுந்தது. பிள்ளை மூக்கைச் சுளித்தது. வாயைக் கோணியது. பிறகு வீடே அதிர வீறிட்டது.

அந்தச் சத்தத்தில் மாலினேயோ கண் திறந்தாள். வெளியிலிருந்து தம்பி கதவைத் தள்ளினான். அவள் பாயோடு சறுக்கி நகர்ந்தாள். கதவு திறந்தது. திறந்த கதவில் அவன் நின்றுவிட்டான். கண்ணாடியை உடைத்த கையிலிருந்து ரத்தம் சொட்டியது, மூச்சு வாங்கியது. ஆனாலும் தலைக்கு மேலிருந்த நாணலைப் பார்த்துவிட்டு, நிலைப்படிக்கு வெளியே பனிக்குள் அப்படியே நின்றான்.

மாலினேயோ வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, உடைந்த ஜன்னலைப் பார்த்தாள், கத்துகிற பிள்ளையைப் பார்த்தாள், கடைசியில் தம்பியின் காலைப் பார்த்தாள். முழங்கால் வரை பனியில் புதைந்திருந்தது.

"அங்கயே என்னடா நிக்கிற?" நாக்குக் குழறியது. "இம்புட்டுப் பனியில நின்ன காலு இனியுமா சூடா இருக்கும்? உள்ள வா."

அவன் வந்தான். பிள்ளையை எப்படித் தூக்குவது என்று தெரியாமல், வண்டிச் சக்கரத்தைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்தான். உடையாத கீழ்க்கண்ணாடிக்கு எடுத்துப்போய், சட்டையால் வட்டம் துடைத்து, முதல் தடவையாக உள்ளேயிருந்து பார்த்தான். காசு படிந்தது. மறைந்தது. படிந்தது. எருது போல நின்றவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"எல்லாம் நான் பூசின லப்பம்," என்றான். "நீ காட்டினதை நான்..."

"பேசாம இருங்க. கையக் கட்டணும்," என்றாள் மாபுலானே. அவனைத் திட்டவும் அவளுக்குத் தெம்பில்லை. திட்ட ஆசையும் இல்லை.

பொழுது சாய்வதற்குள் மூவருமாக அறையைக் கூட்டினார்கள். உடைந்த இடத்தில் தொங்கவிடக் கம்பளி கொண்டுவந்தான். மாலினேயோ அதை வாங்கி, கையகலம் இடைவெளி விட்டுத் தானே கட்டினாள். சின்ன அடுப்பு மட்டும் எரிந்தது, சுடர் நீலமாக நின்றது. எல்லோரும் தோளோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, குளிரக் குளிரச் சோளக்களியும் கீரையும் தின்றார்கள். கீழ்க்கண்ணாடி காய்ந்து, முற்றத்துப் பனி தெளிவாகத் தெரிந்தது.

சியாபாத்தா குடிசைக்குப் போன பிறகும் மாலினேயோ கதவோரப் பாய்க்குத் திரும்பவில்லை. இடைவெளிக்கு நேரே உட்கார்ந்து, வருகிற காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"மாபுலானே."

"என்ன மதினி?"

"அந்தச் சாக்கு." தொங்கவிட்ட கம்பளியின் ஓரத்தை விரலால் தடவினாள். "அதுல கிழிசல் இருந்துச்சுன்னு சொன்னேன்ல? அதை நான் தச்சுட்டேன். அன்னைக்கு இருட்டுறதுக்கு முன்னாடியே தச்சுட்டேன். கோணி ஊசி வச்சு, நெருக்கமா. சுத்தி மண்ணும் அப்பினேன். காத்து வரக் கூடாதுன்னு." அவள் திரும்பவில்லை. "கங்கும் விடிய விடிய இருந்துச்சு. அப்ப அந்த வீட்டுக்குள்ள காத்து எப்படிடி வந்திருக்கும்?"

மாபுலானே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குளிர்காலம் முழுக்க இந்த ஒரு பேச்சில் ஜெயிப்பதற்காக எத்தனை நாள் இவளோடு மல்லுக்கு நின்றாள். இப்போது சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது. இந்தப் பெண்ணை நாளைக்கும் ஊர் லினேயோவின் அம்மா என்றுதான் கூப்பிடும். அதற்கடுத்த நாளும், சாகும்வரைக்கும்.

"தையல் விட்டிருக்கும் மதினி," என்றாள். "சாக்குத் தையல் எப்பவுமே நிக்காது."

நெடுநேரம் கழித்து மாலினேயோ எழுந்து வந்து, தன் தோளிலிருந்த கம்பளியை எடுத்து இருவர் மேலும் போர்த்திவிட்டு, திரும்பப் போய் அந்தக் காற்றிலேயே உட்கார்ந்தாள்.